காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்

மார்ச் 3, செவ்வாய்

ஒரே நாளில் இரண்டு பார்சல். அம்மாவுக்கு நடைப்பயிற்சிக் காலணி, அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின். காலையும் மாலையும் வீட்டிலேயே பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.

இரண்டையும் பிரிக்கும்போது கைபேசியில் வீடியோ எடுத்தேன். முதலில் முகவரிச் சீட்டு, பிறகு டேப் கிழியாமல் இருக்கும் பெட்டியின் எல்லாப் பக்கமும், கடைசியில் மெஷினின் அடியில் இருக்கும் சீரியல் எண். நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுத்தால்தான் அது சாட்சி. துண்டு துண்டாக எடுத்தால் இடையில் பொருளை மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல வழி இருக்கிறது.

"வாங்கின அன்னைக்கே சண்டைக்குத் தயாராகிறியா?" என்றார் அப்பா.

"சண்டை வரக்கூடாதுன்னுதான்பா எடுக்கிறேன்" என்றேன்.

மாலையில் முதல் அளவு 158/94. ஒரு நிமிடம் விட்டு மறுபடி பார்த்தால் 161/95. அப்பா ஒன்றும் சொல்லாமல் நோட்டில் எழுதினார்.

மார்ச் 4, புதன்

காலணி அம்மாவுக்கு விரல் நுனியில் இடிக்கிறது. சுத்தமான போர்வையை விரித்து அதன் மேல்தான் நடக்கச் சொன்னேன். அடிப்பகுதியில் ஒரு கோடு விழுந்தால்கூட 'உபயோகித்தது' என்று திருப்பிவிடுவார்கள். அட்டை, காகிதம், தொங்கும் சீட்டு எல்லாம் இருந்தபடியே உள்ளே போயின. முக்கியமாக, ரிட்டர்ன் சீட்டைக் காலணிப் பெட்டியின் மேலேயே ஒட்டாமல் வெளியே இன்னொரு உறை போட்டேன். அவர்கள் கணக்கில் அந்தப் பெட்டியும் பொருளின் பகுதி. காரணம்: அளவு சரியில்லை. இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது.

மார்ச் 6, வெள்ளி

நான்கு நாளாக ஆறு அளவுகள் எடுத்துவிட்டோம். ஒன்றுகூட 150-க்குக் கீழே வரவில்லை. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய, கையை இதய மட்டத்தில் வைத்து, பேசாமல் இருந்துதான் பார்த்தோம். அப்பாவுக்கு இரவில் சரியாகத் தூக்கமில்லை. இன்று மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அங்கே 138/86.

வீட்டுக்கு வந்ததும் கோபத்தோடு பொருளின் பக்கத்தைத் திறந்தேன். 'சுகாதாரக் காரணங்களால் இவ்வகைப் பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை' என்று சின்ன எழுத்தில் இருந்தது. வாங்கும்போது நான் படிக்காத வரி அது. ஆனாலும் புகார்ப் படிவம் திறந்தது. 'காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்' என்ற பெட்டியை அழுத்தினால் வரிசையாக வந்தன: மனம் மாறிவிட்டது, சேதமாகி வந்தது, பழுது, வேறு பொருள் வந்தது, விவரத்தில் உள்ளபடி இல்லை.

யோசிக்காமல் 'பழுது' என்று அழுத்தினேன். மெஷின் பொய் சொல்கிறது, வேறென்ன?

புகார் எண் வந்தது. அதையும் திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். கூடவே பொருளின் முழுப் பக்கத்தையும் மேலிருந்து கீழ்வரை படமெடுத்துச் சேமித்தேன். விற்பவர் நாளைக்கே அந்தப் பக்கத்தைத் திருத்தலாம், எடுத்தும் விடலாம். அப்புறம் என்ன சொல்லி விற்றார்கள் என்பதற்கு நம் நினைவு மட்டும்தான் மிஞ்சும்.

மார்ச் 7, சனி

கூரியர்காரர் மெஷினை எடுத்துப் போனார். கொடுப்பதற்கு முன் அப்பாவின் அளவுகளை மெஷினின் நினைவகத்திலிருந்து அழித்தேன், கைபேசியோடு இருந்த ப்ளூடூத் இணைப்பைத் துண்டித்தேன், பேட்டரியைக் கழற்றினேன். திருப்பி அனுப்பும் பொருளோடு நம் உடம்பின் கணக்கும் வெளியே போக வேண்டியதில்லை. பார்சலின் எடையை ரசீதில் எழுதித் தரச் சொன்னேன். அவருக்கு அவசரம், இருந்தாலும் எழுதிக் கொடுத்தார். 'வெறும் பெட்டிதான் வந்தது' என்று யாராவது சொன்னால் அந்த ஒரு எண் பதில் சொல்லும்.

மார்ச் 9, திங்கள்

காலணிக்குப் பணம் திரும்பிவிட்டது, டெலிவரிக் கட்டணம் மட்டும் கழித்து. அவர்கள் விதியில் அப்படித்தான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு மாதிரி: இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாமென்று சொல்லலாம், முதலில் கட்டிய சாதாரண டெலிவரிக் கட்டணத்தையும் விற்பவர் திருப்பித் தர வேண்டும். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் பொதுவாக வாங்கியவருடையது.

அம்மா கேட்டார்: "நாம அனுப்பினத வேற யாருக்காவது வித்துருவாங்களா?" நல்ல கேள்வி. ரிட்டர்ன் ஆன பொருளை யாராவது திறந்து, பார்த்து, தரம் பிரிக்க வேண்டும். புதிதுபோல இருந்தால் மறுபடி அலமாரிக்குப் போகும். கொஞ்சம் கசங்கியிருந்தால் தள்ளுபடிக்கோ மொத்தமாக வாங்குபவர்களுக்கோ போகும். சரிபார்க்கும் கூலி பொருளின் மதிப்பைவிட அதிகமானால் குப்பைக்கும் போகும். பிரான்சில் விற்காத பொருட்களை அழிப்பதைத் தடுக்க 2020-இல் ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. மூன்று அளவு வரவழைத்து இரண்டைத் திருப்பி அனுப்பும் பழக்கம் எனக்குப் பிடிக்காமல் போனது இதனால்தான். அம்மாவின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து, சென்டிமீட்டரில் அளந்து, அளவுப் பட்டியலோடு ஒப்பிட்டு அடுத்ததை ஆர்டர் செய்தேன்.

மார்ச் 12, வியாழன்

மெஷின் பற்றிப் பதில் வந்தது. 'பரிசோதித்தோம். பழுது எதுவும் காணப்படவில்லை. பொருள் உங்களுக்கே திருப்பி அனுப்பப்படுகிறது.'

கை நடுங்கியது. அப்பா நாலு நாள் தூங்காமல் இருந்ததற்கு ஒரு வரியில் பதில்.

மார்ச் 14, சனி

மெஷின் திரும்ப வந்தது. அப்பாதான் கையேட்டை எடுத்து, கண்ணாடி போட்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். நான் செய்திருக்க வேண்டியது அது.

"இந்தப் பட்டையில ஏதோ போட்டிருக்கு பாரு" என்றார்.

கையில் சுற்றும் பட்டையின் உள்பக்கத்தில் அச்சிட்டிருந்தது: 22–32 செ.மீ. தையல் டேப்பை எடுத்து அப்பாவின் மேல்கையை அளந்தேன். 37.

பட்டை சின்னதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். இது தெரிந்த விஷயம், எனக்குத்தான் தெரியவில்லை. 2023-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெரிய பட்டை தேவைப்படுபவர்களுக்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது மேல் அளவு சராசரியாக 4.8 கூடியது. அதைவிடப் பெரிய பட்டை தேவைப்படுபவர்களுக்கோ 19.5 கூடியது. சராசரிதான், ஒவ்வொரு கைக்கும் மாறும்.

ஆக, அவர்கள் சொன்னது சரி. மெஷின் பழுதில்லை.

பிறகு 6-ஆம் தேதி சேமித்த பக்கத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். 'கைச் சுற்றளவு: 22–42 செ.மீ.' என்று தெளிவாக இருக்கிறது. எனவே நான் கோபப்பட்டதும் சரி. அழுத்திய காரணம்தான் தவறு. பழுது என்றேன், அவர்கள் பழுதைத் தேடினார்கள், இல்லை. சொன்னபடி இல்லை என்று சொல்லியிருந்தால் பட்டையைத்தான் எடுத்துப் பார்த்திருப்பார்கள்.

மார்ச் 15, ஞாயிறு

நேற்றிரவு வெகுநேரம் படித்தேன். வெவ்வேறு நாட்டு விதிகள், ஆனால் நான் படித்தவற்றில் பழுது வேறு, விவரித்தபடி இல்லாதது வேறு. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருள் தரமாக இருக்க வேண்டும், உரிய வேலைக்குப் பொருந்த வேண்டும், விவரித்தபடி இருக்க வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்கிறது. இல்லையென்றால் 30 நாளுக்குள் பொருளை மறுத்துப் பணத்தைக் கேட்கலாம். இந்தியாவின் 2020 மின்வணிக விதிகள், பொருள் குறைபாடாக இருந்தாலோ விளம்பரம் செய்த அம்சங்கள் அதில் இல்லாவிட்டாலோ விற்பவர் திரும்ப வாங்க மறுக்கக்கூடாது என்கின்றன. 'ரிட்டர்ன் இல்லை' என்ற அந்தச் சின்ன எழுத்து, நமக்கு வேண்டாம் என்று தோன்றுவதற்குப் பொருந்தலாம். அவர்கள் சொன்னதற்கு மாறாக வந்ததற்கு அதை நீட்ட முடியாது.

வேண்டாம் என்று திருப்புவது விற்பவர் தரும் சலுகை, சில இடங்களில் குறுகிய கால உரிமை. தவறாக வந்ததைத் திருப்புவது அப்படி அல்ல. படிவத்தில் இரண்டும் ஒரே பெட்டிக்குள், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே எழுத்தில் நிற்கின்றன. என்னைப் போல அவசரத்தில் அழுத்துபவர்கள் எத்தனை பேர் தங்கள் உரிமையைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்களோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

காலையில் கடிதம் எழுதினேன். முதலில் எழுதியது ஒரு பக்கம், அப்பாவின் தூக்கம்வரை எல்லாம் அதில் இருந்தது. பிறகு வெட்டினேன். மிஞ்சியது: ஆர்டர் எண், முதல் புகாரின் எண்ணும் தேதியும், உங்கள் பக்கத்தில் இருந்தது 22–42, வந்த பட்டையில் இருப்பது 22–32, இரண்டுக்கும் படம் இணைத்துள்ளேன், முதலில் 'பழுது' என்று குறிப்பிட்டது என் தவறு, சரியான பட்டையோ முழுப் பணமோ 7 நாளுக்குள் வேண்டும். படிப்பவர் யாரானாலும் அரை நிமிடத்தில் புரிய வேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

சாட்டில் ஒருவர் வந்தார். புகார் செய்யும் காலம் 10 நாள், அது முடிந்துவிட்டது என்றார். முதல் புகார் நான்காம் நாளே பதிவானது, எண் இதோ என்றேன். சற்று நேரம் பதிலில்லை. பிறகு, அவர்கள் தளத்திலேயே செலவழிக்கும்படி வாலட்டில் பாதித்தொகை தருவதாகச் சொன்னார்.

வேண்டாம் என்றேன். வாலட்டில் வருவது பணம் அல்ல, அங்கேயே மறுபடி வாங்கு என்கிற சீட்டு. பணம் எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். அதோடு, ஒருமுறை 'ஏற்கிறேன்' என்று அழுத்திவிட்டால் புகாரை முடித்துவிடுவார்கள். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். அவருக்குக் கொடுத்திருக்கும் பதில்களை அவர் சொல்கிறார். மேலதிகாரிக்கு அனுப்பும்படி கேட்டேன், உரையாடல் முழுவதையும் சேமித்தேன்.

இதுவும் நடக்கவில்லையென்றால் வங்கியிடம் போகலாம். கார்டில் கட்டிய பணத்துக்கு 'பொருள் விவரித்தபடி இல்லை' என்று தகராறு எழுப்பும் வழி இருக்கிறது. ஆனால் முதலில் விற்பவரிடம் கேட்டதற்கான ஆதாரத்தை வங்கி கேட்கும், காலக்கெடுவும் உண்டு.

மார்ச் 20, வெள்ளி

மேலதிகாரியிடமிருந்து மின்னஞ்சல். மன்னிப்புக் கேட்டு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்: முழு ரீஃபண்ட், அல்லது இதே மாடலுக்கான பெரிய பட்டை, கட்டணம் இல்லாமல்.

நான் ரீஃபண்ட் என்று எழுதப் போனேன். அப்பா தடுத்தார்.

"மெஷின் நல்லாத்தானே இருக்கு. பட்டை மட்டும் வந்தா போதுமே. இத மறுபடி எதுக்கு ஊர் சுத்த விடணும்?"

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பெரிய பட்டையின் பாக எண் இருந்தது, அதே கம்பெனியுடையது. வேறு கம்பெனிப் பட்டையை மாட்டினால் அளவு சரியாக இருக்காது என்பதால் அந்த எண்ணைக் குறிப்பிட்டே பதில் எழுதினேன். இன்னொரு வரியும் சேர்த்தேன்: பக்கத்தில் உள்ள சுற்றளவைத் திருத்துங்கள், அடுத்து வாங்குபவர் தேவையில்லாமல் பயப்பட வேண்டாம்.

மார்ச் 25, புதன்

பட்டை வந்தது. இந்த முறையும் வீடியோ எடுத்தேன், அப்பா ஒன்றும் சொல்லவில்லை. உள்பக்கத்தில் 32–42. கட்டினேன். ஐந்து நிமிடம் காத்திருந்தோம்.

139/85. ஒரு நிமிடம் கழித்து 137/85.

பொருளின் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். '22–32 செ.மீ.' என்று மாற்றியிருக்கிறார்கள்.

அப்பா நோட்டைத் திறந்து பழைய ஆறு அளவுகளையும் பென்சிலால் ஒரு வட்டத்துக்குள் அடைத்தார். பக்கத்தில் 'சின்னப் பட்டை' என்று எழுதினார். பிறகு புதுப் பக்கம் புரட்டி, இன்றைய தேதியைப் போட்டார்.