பட்டினி போட்டு அனுப்பிய பாக்டீரியா

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருடம் நான் பார்த்த வேலை, கண்ணாடிக் குழாயில் மணல் நிரப்பி அதற்குள் பாக்டீரியா வளர்ப்பது. மணல் துகள்களில் வழுவழுவென்று படலம் படிந்து துளைகள் அடைபட வேண்டும். நிலத்தடியில் பரவும் மாசு நீருக்கு அதுதான் உயிருள்ள தடுப்புச் சுவர். ஆனால் என் குழாய்களில் வாயருகே இரண்டு விரற்கடையிலேயே அடைத்துக்கொள்ளும். பம்ப் முனகும், ரப்பர் குழாய் பிடுங்கிக்கொள்ளும், பாக்டீரியாவுக்கு ஊட்டமாக விடும் மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) முழுக்க என் சட்டையில். அடுத்து எறும்பு.

"நல்லா சாப்பிட்டு வந்தவன் வாசல்லயே படுத்துக்குவான். பட்டினி போட்டு உள்ள அனுப்புப்பா" என்றார் சீனியர் மேடம்.

கிண்டல் இல்லை, அதுதான் முறை. சில வாரம் உணவில்லாமல் வைத்தால் செல்கள் சுருங்கும், ஒட்டும் பிசினும் குறையும். மணல் இடுக்குகளில் புகுந்து தூரம் போகும். அப்புறம் மொலாசஸ் அனுப்பினால் போன இடத்திலேயே விழித்துக்கொண்டு பிசின் சுரக்கும்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், பட் நகரில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 130 அடி அகலம், 180 அடி நீளம், 21 அடி ஆழத்தில் பிவிசி விரித்த சோதனைத் தொட்டி. பட்டினி போட்ட சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் பாக்டீரியாவைச் செலுத்தி, வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ மொலாசஸ் கலந்த ஊட்டம் கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் தடுப்பின் நீர் கடத்தும் திறன் 99% குறைந்தது.

எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். மாசாக லிட்டருக்கு 100 மில்லிகிராம் நைட்ரேட்டையும் (அதிலுள்ள நைட்ரஜன் கணக்கில்) அதே அளவு குளோரைடையும் ஆறு மாதம் நீரில் கலந்துவிட்டார்கள். குளோரைடைப் பாக்டீரியா தொடாது. நீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். மறுமுனையில் குளோரைடு 80 வரை ஏறியது, நைட்ரேட்டோ 6.4-ஐத் தாண்டவே இல்லை. சுவரைக் கடந்து நீர் கசிந்துகொண்டுதான் இருந்தது; வழியில் நைட்ரேட்டைப் பாக்டீரியாக்கள் தின்றுவிட்டன. வெறும் சிமெண்ட் சுவர் இதைச் செய்யாது.

ஆனால் சிமெண்டுக்குச் சோறு வேண்டாம். பட் நகரத்துச் சுவருக்கு மூன்று முதல் பத்து மாத இடைவெளியில் ஊட்டம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். திட்டப் பணம் தீர்ந்த பிறகு யார் போடுவது? இந்தக் கேள்வியை எழுப்பாமல் யாராவது இந்த முறையைப் புகழ்ந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

மேடத்துக்கும் அதே கவலை போலிருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது போன் செய்தார். வாழ்த்துச் சொல்லத்தான் என்று நினைத்து எடுத்தேன்.

"கிளம்புறதுக்கு முன்னாடி குழாய்க்குச் சாப்பாடு வெச்சியா?"