கேரவன்ல சோலார் பேட்டரி போட்ட எங்க அனுபவம்

நாங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல இருக்கோம், போன வருஷம் ஒரு பழைய கேரவன் வாங்கினோம். அப்பாவுக்கு ராத்திரி சீபாப் மெஷின் (தூக்கத்துல மூச்சு அடைக்காம காத்த அழுத்தி குடுக்குறது) இல்லாம முடியாது, முதல் ட்ரிப்ல கேரவன்ல இருந்த 100 ஆம்பியர்-அவர் (பேட்டரில எவ்வளவு கரண்ட் தேங்கும்ங்குற அளவு) லெட் ஆசிட் பேட்டரி விடியக்காலம் 3 மணிக்கு தீந்துபோச்சு, அவரு மூச்சுத் திணறி எழுந்து உக்காந்தத பாத்து எனக்கு பதறிப்போச்சு. லெட் ஆசிட்ல பாதிக்கு மேல இறக்கினா சீக்கிரம் கெட்டுரும்னு அப்புறந்தான் தெரிஞ்சுது, 100னு போட்டிருந்தாலும் நம்ம கணக்குக்கு அது 50தான்.

அதனால இந்த தடவ எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வாட் மீட்டர் வாங்கி, ஒவ்வொண்ணா மாட்டி எழுதி வச்சேன். ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 40 ஆம்பியர்-அவர், சீபாப் 20, லைட்டு, பம்பு, போன் சார்ஜெல்லாம் சேத்து 10. சீபாப்ல தண்ணிய சூடாக்குற ஹியூமிடிஃபையர்தான் கரண்ட்ட குடிக்குது, டாக்டர்கிட்ட கேட்டுட்டு அத நிறுத்தினோம், இன்வெர்ட்டர் வழியா விடாம 12 வோல்ட் அடாப்டர்ல நேரா ஓட்டினோம், நல்ல வித்தியாசம். மொத்தம் 70, மேகம் போட்டா ரெண்டு நாள் தாங்கணும்னு 100 ஆம்பியர்-அவர் லித்தியம் (லைஃபோ4 வகை) பேட்டரி ரெண்டு போட்டேன்.

மனைவி சட்னிக்கு மிக்ஸி வேணும்னாங்க. 750 வாட்ஸ், ஆனா 3 நிமிஷந்தான ஓடுது, பேட்டரில 3, 4 ஆம்பியர்-அவர்தான் போகும். பிரச்சனை வயர்லதான், அந்த 3 நிமிஷமும் 65 ஆம்பியர் இழுக்கும். கடையில குடுத்த மெல்லிசு வயர தொட்டுப் பாத்தா கொதிக்குது! உடனே கழட்டிட்டு 35 ஸ்கொயர் எம்எம் வயர் போட்டு, பேட்டரி பாசிட்டிவ் பக்கத்துலயே ஃப்யூஸ் வச்சேன். தயவுசெஞ்சு இதுல காசு மிச்சம் பிடிக்காதீங்க. கெட்டில் 2000 வாட்ஸ், அது வேண்டாம், டீத்தண்ணி கேஸ்லயே.

பேனல் கூரைல 200 வாட்ஸ், மடக்குற மாதிரி இன்னொரு 200. ஊர்ல அண்ணன் தெற்க பாத்து வைனு சொன்னாரு, அது அங்க சரி, இங்க சூரியன் வடக்கால போறதால வடக்க பாத்துதான் வைக்கணும். ஜூலைல, இங்க அது குளிர்காலம், ட்ராக்கன்ஸ்பர்க் மலைக்கு போனப்போ உச்சி வெயில்லயே சூரியன் 37, 38 டிகிரி உசரத்துலதான் நிக்குது, படுத்திருக்குற கூரை பேனலுக்கு அறுபது சதவீதம் கிடைச்சாலே பெருசு, கீழ சாச்சு வச்ச மடக்கு பேனல்தான் எங்கள காப்பாத்துச்சு. மரநிழல் ஒரு ஓரத்துல விழுந்தாலும் கரண்ட் சடார்னு இறங்குது, அதனால அத நகத்தி நகத்தி வச்சோம்.

காலைல புல்லெல்லாம் உறைபனி, நல்ல வெயில் வந்தும் சார்ஜ் ஏறல, ஏதோ கெட்டுப்போச்சுன்னு நினச்சேன். பூஜ்யம் டிகிரிக்கு கீழ லித்தியத்துக்கு சார்ஜ் ஏத்தக்கூடாது, பேட்டரிக்குள்ள இருக்குற பிஎம்எஸ்ஸே (பேட்டரிய பாதுகாக்குற சர்க்யூட்) நிறுத்தி வச்சிருக்கு. இப்போ பேட்டரிய வெளிப் பெட்டில இருந்து எடுத்து கேரவனுக்குள்ள சீட்டுக்கு அடியில மாத்திட்டேன்.

அந்த ட்ரிப்ல நாலு ராத்திரியும் மெஷின் ஒரு தடவகூட நிக்கல. அப்பா காலைல 6 மணிக்குத்தான் எழுந்தாரு.