மழை பொய்த்த ஆண்டில் இலை நிறம் பார்க்க

மழை குறைந்த ஆண்டில், இலையுதிர் கால நிறங்களைப் பார்க்கப் போக வழக்கமான தேதிக்காகக் காத்திருந்தால் ஏமாற்றம்தான். வறட்சி கடுமையானால், மரம் இருக்கிற ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ள இலைகளை முன்கூட்டியே கழித்துவிடும். நாம் போய்ச் சேரும்போது பாதிக் கிளைகள் மொட்டையாக நிற்கும். ஒரு வாரம், பத்து நாள் முந்திக் கிளம்புவது நல்லது.

அதற்காக வறண்ட ஆண்டென்றாலே நிறம் இருக்காது என்று பயணத்தைக் கைவிட வேண்டாம். வறட்சி எப்போது வந்தது என்பதுதான் முக்கியம். மஞ்சளும் ஆரஞ்சும் தரும் கரோட்டினாய்டுகள் கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருப்பவை. பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகின்றன. சிவப்பு அப்படியல்ல. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியை, இலையில் தேங்கும் சர்க்கரையைக் கொண்டு மரம் இலையுதிர் காலத்தில்தான் புதிதாக உண்டாக்குகிறது. வசந்தத்தில் நல்ல மழை பெய்து, கோடையின் கடைசியில் மட்டும் லேசாகக் காய்ந்து, பகலில் வெயிலும் இரவில் உறைபனி இல்லாத குளிரும் அமைந்தால் மேப்பிள் மரங்கள் தீயாய்ச் சிவக்கும். வசந்தத்திலிருந்தே மழை இல்லையென்றால் சிவப்பை அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நீரின் போக்கில் போங்கள். மண் மெலிந்த மலைமுகடுகளில் இலை முதலில் கருகி உதிரும். ஓடைக்கரை, குளத்தோரம், பள்ளத்தாக்கின் அடி, வட அரைக்கோளமானால் வடக்கு பார்த்த சரிவு, இங்கெல்லாம் ஈரம் தங்கும்; நிறமும் தங்கும். மர வகையும் கணக்கில் வர வேண்டும். பிர்ச் வறட்சி தாங்காமல் சீக்கிரமே உதிர்க்கும். ஓக் பொறுமைசாலி, மற்றவை ஓய்ந்த பிறகு நிறம் மாறும்.

இலை நிறம் மாறுகிறதா, கருகுகிறதா என்று அருகில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். நீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் இலையின் ஓரமும் நுனியும் என்பதால் கருகல் அங்கிருந்துதான் தொடங்கும். உங்கள் வீட்டு மரத்தில் காய்ந்த இலைகள் உதிராமல் தொங்கினால், சிறு குச்சியின் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது.

வறண்ட பருவத்தில் ஒரு நன்மையும் உண்டு. இலையில் பூஞ்சைப் புள்ளிகள் குறைவு. அடைமழை அடித்துக் கொட்டுவதும் இல்லை. ஆனால் தூசி படிந்து நிறம் மங்கும். காலையிலோ மாலையிலோ சூரியனை எதிரே வைத்து, இலையை ஊடுருவி வரும் ஒளியில் பாருங்கள். அதே மரம் வேறு மரமாகிவிடும். படம் எடுப்பவர்கள் போலரைசர் வடிகட்டியை மெல்லத் திருப்பி, இலைமேல் பளபளப்பு அடங்கும் இடத்தில் நிறுத்தலாம்.

தீ விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. காரைக் காய்ந்த புல்மீதோ சருகுமீதோ நிறுத்தாதீர்கள். வண்டிக்கு அடியில் புகைக்குழாயின் சூடே பற்றவைக்கப் போதும். அந்தப் பகுதியில் தீ மூட்டத் தடை இருக்கிறதா என்று கிளம்பும் நாளன்றே பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த சருகு வழுக்கும், வேரையும் குழியையும் மறைக்கும். பிடிமானமுள்ள காலணி தேவை.

வீட்டு மரங்களுக்கு இலை உதிர்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிடுவது பலர் செய்யும் பிழை. மேலே இலை இல்லாவிட்டாலும் வேர் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். மண் உறையும் வரை, மேல் மண் காயும்போதெல்லாம், 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழம் நனையும்படி மெதுவாக விடுங்கள். தண்டை ஒட்டி ஊற்றுவதைவிடக் கிளைகளின் விளிம்புக்கு நேர் கீழே சுற்றிலும் விடுவது பயன் தரும். இளங்கன்றுக்கு மட்டும் அதன் வேர்க்கட்டியும், அதாவது வேரோடு ஒட்டிய மண்கட்டியும், நனைய வேண்டும். பிறகு 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு சருகு, வைக்கோல் போன்றவற்றால் மண்ணை மூடி மூடாக்கு போடுங்கள், அது தண்டைத் தொடாமல்.