பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் அண்ணன்

பேர் என்னவோ டார்ஜிலிங், ரயில் ஓடுவது ராஜஸ்தான் மணலில். வெஸ் ஆண்டர்சன் 2007-இல் எடுத்த ‘தி டார்ஜிலிங் லிமிடெட்’ படத்தில் நம் நாட்டுப் புவியியல் இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. வெள்ளைக்காரர் காட்டும் இந்தியா, பாம்பு இருக்கும், கோயில் மணி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பார்க்க உட்கார்ந்தேன். இரண்டும் இருந்தன. ஆனால் அந்த மூன்று அண்ணன் தம்பிகளும் என்னை எழுந்து போகவிடவில்லை.

அப்பா இறந்து ஒரு வருஷம். அதிலிருந்து மூவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மூத்தவன் பிரான்சிஸ் (ஓவன் வில்சன்) தலை முழுக்கக் கட்டோடு வந்து, தம்பிகள் பீட்டரையும் (ஏட்ரியன் பிராடி) ஜாக்கையும் (ஜேசன் ஷ்வார்ட்ஸ்மேன்) ஒரே ரயில் பெட்டியில் சேர்த்துவிடுகிறான். ஆன்மிகப் பயணமாம். எந்த நேரத்தில் எந்தக் கோயில் என்று அட்டவணை போட்டு, அதை லேமினேட் செய்து கொடுக்க ஓர் உதவியாளரையும் கூட்டி வந்திருக்கிறான். தம்பிகளின் பாஸ்போர்ட்டும் அவன் கையில். பத்திரமாக இருக்கட்டுமே என்றுதான்!

சாப்பாட்டுப் பெட்டியில் மற்ற இருவருக்கும் என்ன வேண்டும் என்று அவனே ஆர்டர் கொடுப்பான். எங்கள் வீட்டில் இது அக்காவின் வேலை. ஹோட்டலில் மெனு கார்டு என் கைக்கு வருவதற்குள் “இவளுக்கு அது ஒத்துக்காது, இதைக் கொண்டு வாங்க” என்று முடித்துவிடுவாள். எனக்கு நாற்பது வயதாகிறது. அதனால் பீட்டரின் முகம் போகிற போக்கைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம், இமயமலையில் கன்னியாஸ்திரியாக இருக்கும் அவர்களுடைய அம்மா (அஞ்சலிகா ஹ்யூஸ்டன்) மூவருக்கும் காலை உணவை அதே தோரணையில் முடிவு செய்கிறாள். அண்ணனின் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொள்ளும் ரகசியங்கள். ஒருவன் எழுந்து வெளியே போனால் போதும், மிச்ச இருவரும் “அவனிடம் சொல்லிடாதே” என்று ஆரம்பித்துவிடுவார்கள். மனைவிக்கு இது பேறுகாலம் என்று பீட்டர் ஜாக்கிடம் மட்டும் சொல்கிறான். பாதியில் கழன்றுகொள்ள ஜாக் ஒரு டிக்கெட்டை மறைத்து வைத்திருக்கிறான். எல்லா ரகசியமும் அரைமணி நேரத்தில் மூன்றாமவன் காதுக்குப் போய்விடும். கூடப்பிறந்தவர்கள் நிறைய உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கூட்டணி அரசியல் அத்துப்படி.

சண்டையும் அப்படித்தான், சின்ன விஷயத்தில் பிடித்துக்கொள்ளும். அப்பாவின் கண்ணாடியை பீட்டர் மாட்டிக்கொண்டு அலைகிறான். பவர் அவனுக்குப் பொருந்தாது, தலை வலிக்கிறது, ஆனாலும் கழற்ற மாட்டான். அப்பாவின் சவரக்கத்தியும் அவனிடம். அது நம் மூன்று பேருக்கும் சொந்தம், உனக்கு மட்டும் எப்படி என்று பிரான்சிஸ் கேட்கிறான். சொத்து, பத்திரம் என்று யாரும் பேச்சே எடுக்கவில்லை. அப்பாவுக்கு யார் செல்லம் என்பதுதான் வழக்கு.

பீட்டர் வாங்கி வைத்த பாம்பு தப்பி ஓட, இவர்கள் பெட்டிக்குள் கட்டிப் புரண்டு அடித்துக்கொள்ள, ஜாக் மிளகு ஸ்ப்ரே அடிக்க, கடைசியில் ரயிலைவிட்டே இறக்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் ஆற்றுக் காட்சியில்தான் எனக்குக் கோபம். மூன்று சிறுவர்கள் தண்ணீரில் அடித்துச் செல்லப்படுகிறார்கள். பீட்டர் பிடிக்கப் போன பையன் இறந்துபோகிறான். அந்தப் பையனின் அப்பாவாக வருவது இர்ஃபான் கான். அப்பேர்ப்பட்ட நடிகரைக் கொண்டுவந்து ஏறக்குறைய வாய் திறக்காமலேயே அனுப்பிவிட்டார்கள். மூன்று பணக்காரப் பையன்கள் பக்குவப்பட ஒரு கிராமத்துக் குழந்தை சாகவேண்டுமா? சத்யஜித் ராய் தன் படங்களுக்கு அமைத்த இசையை இவ்வளவு ஆசையாக எடுத்துப் போட்டவர், ராய் கிராமத்து மனிதர்களைப் பார்த்த விதத்திலும் கொஞ்சம் எடுத்திருக்கலாம்.

ஆனால் அந்தச் சாவு வீட்டுக்குக் கிளம்பும் இடத்தில் காட்சி சட்டென்று வெட்டி மாறுகிறது. மூவரும் வண்டியில் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த கணம் ஒரு வருஷத்துக்கு முன், அதே வரிசையில், கறுப்பு உடையில், அப்பாவின் இறுதிச் சடங்குக்குப் போகிறார்கள். வழியில் மெக்கானிக் கடையில் வண்டியை நிறுத்தி, பழுதுபார்க்க விட்டிருந்த அப்பாவின் காரை இப்போதே கொடு என்று அடம்பிடிக்கிறார்கள். பேட்டரி இல்லை, வண்டி கிளம்பாது என்கிறார் மெக்கானிக். சடங்குக்கு நேரமாகிறது, இவர்கள் நகர்வதாக இல்லை. துக்க வீட்டில் ஆம்பிளைகள் பந்தல்காரனிடம் சண்டை போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அழுவதைவிட அது சுலபம்.

கடைசியில் பிரான்சிஸ் பாஸ்போர்ட்டுகளைத் திருப்பி நீட்டுகிறான். நீயே வைத்திரு, அதுதான் பத்திரம் என்கிறார்கள் தம்பிகள். மன்னிப்பு கேட்டுக் கட்டிப்பிடித்து அழும் காட்சி வைத்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இதை நம்பினேன். அண்ணன் திருந்தவில்லை. தம்பிகள் அந்த அதிகாரத்தில் கொஞ்சத்தை மட்டும், இந்த முறை தெரிந்தே, அவனிடம் விட்டுவைக்கிறார்கள்.

பார்க்கப் போகிறவர்கள் இதற்கு முன்கதையாக வரும் ‘ஹோட்டல் செவாலியர்’ என்ற குறும்படத்தை முதலில் பார்த்துவிடுங்கள். 13 நிமிடம்தான். ஜாக் தன் கதைகளை அண்ணன்களிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, “எல்லாம் கற்பனைப் பாத்திரங்கள்” என்று படம் முழுக்கச் சாதிப்பதில் உள்ள நகைச்சுவை அப்போதுதான் பிடிபடும்.