வெட்டுக்கிளி அண்டநாளத்தில் ஆக்டோபமைன்: பதிவு எடுக்கும் முறை

வெட்டுக்கிளியின் முட்டை இறங்கும் குழாயான அண்டநாளத்தின் தசைமேல் ஆக்டோபமைனை (பூச்சி நரம்புகள் சுரக்கும் வேதிப்பொருள்) ஊற்றிவிட்டு, 'தசை இறுக்கத்தைக் காட்டும் பதிவுக் கோடு அசையவே இல்லை' என்று மருந்தைக் குறை சொல்பவர்கள் அதிகம். ஆக்டோபமைனின் வேலை தசையைத் தளர்த்துவது. ஏற்கெனவே தளர்ந்து கிடப்பதில் தளர்த்த என்ன இருக்கிறது? முதலில் தசையைச் சுருக்கும் பெப்டைடான புரோக்டோலின் கொடுத்து இறுக்கத்தை ஏற்ற வேண்டும்.

லோகஸ்டா மைக்ரேட்டோரியா என்ற வெட்டுக்கிளி இனத்துக்கான உப்புக்கரைசல், 1 லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 8.77 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.75, சோடியம் பைகார்பனேட் 0.34, ஹெப்பிஸ் (பிஎச்சை நிலையாக வைப்பது) 1.19, சுக்ரோஸ் 30.8, டிரெஹலோஸ் டைஹைட்ரேட் 1.89. கால்சியம், மெக்னீசியம் குளோரைடுகளை எடைபோட்டுச் சேர்க்காதீர்கள். சென்னைக் காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும், எடை பொய்யாகும். டப்பா திறந்த அன்றே 1 மோலார் கரைசலாக்கிக்கொண்டு, கால்சியம் 4 மில்லி, மெக்னீசியம் 2 மில்லி விடுங்கள். பிஎச் 7.2க்கு வந்தபின்தான் கால்சியம். முந்தினால் கரைசல் கலங்கிவிடும். கேன் தண்ணீர் கூடவே கூடாது, இருமுறை வடித்த நீர்தான்.

பெண் வெட்டுக்கிளியைத் திறந்து குடல், கொழுப்பு, சூலகங்களை நீக்கினால் பக்க அண்டநாளங்கள் தெரியும். உள்ளே முட்டை இருப்பதை ஒதுக்கிவிடுங்கள். ஏழாவது வயிற்று நரம்பு செல் திரளுக்கும் அண்டநாளத்துக்கும் உள்ள இணைப்பை வெட்டிவிட வேண்டும். தலையின் கட்டுப்பாடு போனதும் அந்தத் திரள் தானாகவே தாளம் போட்டு அண்டநாளத்தைச் சுருக்கும். (பூச்சிக்கு அது முட்டையைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு, நமக்குத் தொல்லை.) பொது நாள முனையைத் தட்டின் சிலிக்கோனில் ஊசியால் குத்தி, மறுமுனைகளை மெல்லிய நூலால் விசை உணரியோடு கட்டுங்கள்.

தசை கிடக்கும் தொட்டியில் உப்புக்கரைசல் 500 மைக்ரோலிட்டர். 250ஐ உறிஞ்சி 250 மருந்து விடுவதால், மருந்தை இரட்டைச் செறிவில் கலக்க வேண்டும். புரோக்டோலின் 10⁻⁹ மோலாரில் கோடு ஏறி நிலைத்ததும், அதே புரோக்டோலினோடு சேர்த்து ஆக்டோபமைன் 10⁻⁶, கோடு இறங்கும். ஆக்டோபமைன் ஏற்பியைத் தடுக்கும் ஃபென்டோலமின் 10⁻⁵ முன்கூட்டியே இருந்தால் அந்த இறக்கம் மட்டுப்படும். அப்போதுதான் ஏற்பி வழி வந்தது என்று சொல்லலாம். ஆக்டோபமைனை அன்றன்று கலக்கி, ஐஸில், இருட்டில் வையுங்கள்.

மின்விசிறி கூடாது. இவ்வளவு சிறிய தொட்டி சீக்கிரம் வற்றி உப்பு ஏறும்; தசையின் இறுக்கமும் மாறும். ஏசி ஓடி நிற்கும்போதெல்லாம் அடிக்கோடு நகரும், அதைப் பதிவில் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தில்லாமல் வெறும் உப்புக்கரைசலை மட்டும் 250 மாற்றியும் ஒரு பதிவு வேண்டும். ஊற்றும் அசைவே சிலசமயம் சுருக்கத்தைக் கிளப்பும்.