வெடிப்பின் நுனி எங்கே?

திருகோணமலை உள்துறைமுகத்தில் தண்ணீர் குளம்போலக் கிடக்கும். அங்கே நங்கூரம் போட்ட கப்பலின் உருக்குத் தகட்டில் விழுந்த வெடிப்பு (கீறல்) அநேகமாக நகராது. வாடைக்காலத்து வங்காள விரிகுடாவில்தான் அது வளரும், அலைக்கு அலை கொஞ்சம் கொஞ்சமாக.

20 மி.மீ. நீள வெடிப்பு, அலைக்கு 60 மெகாபஸ்கால் தகைப்பு (உருக்கின் உள்ளே வரும் இழுவிசை அழுத்தம்) ஏறி இறங்குகிறது, 7 செக்கனுக்கு ஓர் அலை என்று வைப்போம். கொஞ்சம் கடுமையான கணக்குத்தான். வெடிப்பு வளரும் வேகத்தைக் கணிக்கும் பாரிஸ் விதியில் உருக்குக்கு வழக்கமாகப் போடும் மாறிலிகளின்படி, ஒரு நுனி நாளுக்குக் கால் மில்லிமீட்டர் அளவில் நகரும். அதே வெடிப்பு 80 மி.மீ. ஆனதும் நாளுக்கு 2 மி.மீ. நீளம் நாலு மடங்கு, வேகம் எட்டு மடங்கு! பூச்சுப் போய் உப்புத்தண்ணீர் பட்டால் இன்னும் சில மடங்கு கூடும். ‘அடுத்த டொக்கிங்கில் (கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பழுது பார்க்கும்போது) பார்ப்போம்’ என்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சீனக்குடாவுக்குக் கோதுமை கொண்டுவரும் மொத்தச்சரக்குக் கப்பல்களில், சரக்கு இறங்கியதும் பக்கச் சட்டங்களின் கீழ் பிரெக்கெட் (முக்கோணத் தாங்குதகடு) கால்களைப் பாருங்கள். ஹட்ச் (சரக்கறை வாய்) மூலைகளும் சந்தேகத்துக்குரியவையே. பெயிண்டில் மயிர்க்கோடு, அதிலிருந்து கசிந்த பழுப்புத் துரு: அடையாளம் அதுதான்.

ஆனால் பெயிண்டில் தெரியும் கோட்டின் முடிவு வெடிப்பின் முடிவல்ல. நுனியைச் சுற்றி 100 மி.மீ. வரை பெயிண்டை எடுக்க வேண்டும். வயர் வீலை அழுத்திப் பிடித்தால் உருக்கு இழுபட்டு வெடிப்பின் வாயை மூடிவிடும். பெயிண்ட் ரிமூவர் நல்லது. பிறகு வெடிப்புக்குள் ஊறி அதைக் காட்டும் சிவப்பு டை (சாயம்). இங்கத்தைய வெயிலில் தகடு 50 பாகை தாண்டினால் டை காய்ந்துவிடும், ஆகவே விடியற்காலையில் அல்லது நிழலில் செய்யுங்கள். 10 நிமிடம் ஊறவிட்டு, கிளீனரைத் தகட்டில் நேரே அடிக்காமல் துணியில் நனைத்துத் துடைத்து, ஊறிய டையை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பர் அடியுங்கள். தகட்டின் மறுபக்கத்தையும் பார்க்காமல் விடாதீர்கள். அங்கே நுனி சில மில்லிமீட்டர் முன்னே போயிருக்கலாம்.

வெடிப்பு மேலே ஓடாமல் நிறுத்த அதன் நுனியில் போடும் நிறுத்தத் துளை, நுனியை முழுதாக விழுங்க வேண்டும். 15 மி.மீ. தகட்டுக்கு 20 மி.மீ. பிட் போதும். காஸ் வெட்டியால் ஓட்டை போடுவது மகா பிழை. கரடுமுரடான விளிம்பிலேயே அடுத்த வெடிப்பு பிறக்கும். துளையின் உள்சுவரை மினுக்கி, அதற்குள்ளும் டை போட்டுப் பாருங்கள். சிவப்புக் கோடு தெரிந்தால் நுனி இன்னும் வெளியே இருக்கிறது.

துளை தற்காலிகம்தான். நிரந்தர வேலைக்கு, கப்பலின் தரத்தைப் பரிசோதிக்கும் வகைப்பாட்டுச் சங்கத்தின் சேவையரைக் கேட்டு, காஸ் இல்லை என்ற சான்று எடுத்து, இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கிக் கௌஜ் செய்து (வெடிப்பை வாய்க்கால்போலத் தோண்டி எடுத்து) முழு ஆழமும் வெல்ட் பண்ண வேண்டும். 7018 வகை வெல்டிங் கம்பியை 300 பாகைக்கு மேல் ஒரு மணித்தியாலமாவது உலர்த்தும் அடுப்பில் உலர்த்துங்கள். கடற்கரை ஈரத்தில் திறந்து கிடந்த கம்பிப் பெட்டி ஆபத்து. தகட்டை வெட்டி மாற்றுவதென்றால் குறைந்தது 300க்கு 300 மி.மீ., மூலைகள் வளைவாக. மேலே ஒட்டுத்தகடு அடிப்பது வெடிப்பை மறைக்க மட்டுமே உதவும்.

துளையிட முடியாமல் கப்பல் புறப்படுவதானால், இரு நுனியிலும் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி குத்தி, பக்கத்தில் திகதியைப் பெயிண்டால் எழுதிவிடுங்கள். அடுத்த துறைமுகத்தில் ஸ்கேல் வைத்தால் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும்.