அப்பா கார்டிலிருந்து எங்கள் கார்டுக்கு

ஒருவழியாக எங்கள் ரேஷன் கார்டு கைக்கு வந்துவிட்டது. கல்யாணம் 2024 ஆவணியில். பெயர் நீக்கத்துக்காக முதலில் உட்கார்ந்தது அக்டோபரில். கார்டு வந்தது 2025 மார்ச்சில். பட்ட பாடு மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். புதிதாகத் தனிக்குடித்தனம் வந்திருக்கும் யாருக்காவது ஒரு நாள் லீவு மிச்சமானால் போதும்.

எனக்குத் தூத்துக்குடி மாவட்டம், என் கணவருக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். இருவருக்கும் வேலை கோவையில். மாடியில் ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறோம்.

ஒரு ஆதார் எண் ஒரு கார்டில்தான் இருக்க முடியும். அதனால் புதுக் கார்டு போடும் முன் இருவர் பெயரும் பெற்றோர் கார்டிலிருந்து நீங்க வேண்டும். அவர் பெயர் நான்கே நாளில் நீங்கிவிட்டது. என் பெயர்தான் நகரவில்லை.

காரணம் ஒரு போன் நம்பர். பொது விநியோகத் தளத்தில் உள்ளே போக, கார்டோடு பதிந்த எண்ணுக்கு ஓடிபி வரும். 2017ல் ஸ்மார்ட் கார்டு கொடுத்தபோது அப்பா அன்றைக்கு வைத்திருந்த எண்ணைக் கொடுத்திருந்தார். அந்தத் தொலைபேசி நிறுவனமே அடுத்த வருடம் மூடிப்போனது. அப்பாவும் வேறு சிம் வாங்கிக்கொண்டார், கார்டில் மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கைரேகை வைத்துச் சாமான் வாங்கிக்கொண்டிருந்ததால் குறையே தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கத் தொடங்கும்போதே வீட்டுக் கார்டில் எந்த எண் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எண்ணை மாற்றத் தாலுகா ஆபீஸ் போக வேண்டும். வெள்ளிக்கிழமை லீவு போட்டு, வியாழன் இரவு ரயிலில் ஊருக்குப் போனேன். அப்பாவின் கார்டும் என் ஆதாரும் இருந்தால் போதும் என்று நினைத்துக் காலை பத்து மணிக்கெல்லாம் வழங்கல் பிரிவில் நின்றேன்.

"குடும்பத் தலைவர் எங்கம்மா?"

"அப்பா விதைப்புக்குப் போயிருக்காங்க சார்."

"அவரு நேர்ல வரணும். ஒரிஜினல் ஆதாரோட வரச் சொல்லுங்க."

போன் செய்து சொன்னேன். உளுந்து விதைப்பை அப்படியே விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் ஆதாரை எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து அப்பா வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை. சட்டைக் கையில் கரிசல் மண் அப்படியே இருந்தது. அதற்குள் கம்ப்யூட்டர் பார்ப்பவர் முகாமுக்குப் போய்விட்டார். "திங்கக்கிழமை வாங்க" என்றார்கள். பத்து மணிக்கே சொல்லியிருந்தால் அப்பாவை வரச் சொல்லியிருக்கவே மாட்டேன். இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

திங்கட்கிழமை நான் கோவையில் இருந்தேன். அப்பா தனியாகப் போய் மாற்றிவிட்டு வந்தார். அன்று இரவு நான் இங்கே லேப்டாப்பில் உட்கார, அப்பா அங்கே கண்ணாடி போட்டுக்கொண்டு ஓடிபியை ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். உறுப்பினர் நீக்கம், காரணம் திருமணம், கல்யாணப் பத்திரிகையின் நகல். அனுப்பியாயிற்று.

"எடுத்தாச்சாம்மா?" என்று கேட்டார்.

"குடுத்திருக்கேன்ப்பா. ரெண்டு மூணு நாள்ல எடுத்துருவாங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரி, சாப்பிட்டியா?" என்றார். கல்யாணத்தன்று மண்டபத்தில் அழாதவள், அன்றைக்கு லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு அழுதேன்.

நவம்பரில் புதுக் கார்டுக்கு விண்ணப்பித்தோம். நம் வீட்டிலிருந்தே போட்டால் கட்டணம் கிடையாது. தெருமுனை பிரவுசிங் சென்டரில் மூவாயிரம் கொடுத்தால் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். தயவு செய்து கொடுக்காதீர்கள். அவர்களும் இதே பக்கத்தில்தான் இதே கட்டங்களை நிரப்பப் போகிறார்கள். குடும்பத் தலைவியாக என்னைப் போடலாம் என்று என் கணவர்தான் சொன்னார். கார்டு வகையில் மட்டும் அவசரப்படாதீர்கள். அரிசி, சர்க்கரை, பொருளில்லா அட்டை என்று வரும். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் 'வெறும் முகவரிச் சான்றுதானே' என்று பொருளில்லா அட்டையைத் தேர்ந்தெடுத்துவிட்டு இப்போது மாற்ற அலைகிறாள்.

முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் கேட்டபோது வீட்டுக்கார அம்மா, "கார்டு கீர்டெல்லாம் நம்ம வீட்டு அட்ரஸ்ல வேண்டாங் கண்ணு" என்று சொல்லிவிட்டார். நல்லவர்தான். குடியிருப்பவர்கள் கார்டு வாங்கினால் வீட்டை விட்டுப் போக மாட்டார்கள் என்று யாரோ பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். நல்லவேளை, கேஸ் இணைப்பு என் கணவர் பெயரில் இதே முகவரியில் இருந்தது. அந்த ரசீதைப் போட்டோம்.

டிசம்பரில் நிலையைப் பார்த்தால் நிராகரிப்பு. காரணம்: தனிச் சமையல் இல்லை. அதாவது, இந்த வீட்டில் நாங்கள் தனியாகச் சமைத்துச் சாப்பிடவில்லையாம்.

நடந்தது இதுதான். விசாரணைக்கு ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) ஒரு வேலை நாளில் வந்திருக்கிறார். மாடிக் கதவு பூட்டு. கீழே கேட்டதற்கு, "காத்தால போனா ராத்திரிதானுங்க வருவாங்க" என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார்கள். விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது என் கணவரின் எண். அவர் வேலை செய்யும் தொழிற்சாலையில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பழைய அழைப்புகளைத் தேடினோம். தெரியாத எண்ணிலிருந்து 11.40க்கு ஒரே ஒரு மிஸ்டு கால். அந்த ஒரு அழைப்பில் எங்கள் அடுப்பு இல்லாமல் போய்விட்டது.

பகலில் போனை எடுக்கக்கூடியவர் யாரோ அவர் எண்ணைக் கொடுங்கள். கீழ்வீட்டிலும், "விசாரிக்க வந்தா என் நம்பரைக் குடுங்க" என்று சொல்லிவையுங்கள். நாங்கள் இரண்டையும் செய்யவில்லை.

அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் திரையைப் பார்த்தபடியே, "ரிஜெக்ட் ஆயிருச்சும்மா, புதுசா போடுங்க" என்றார். நான் தினமும் சமைக்கிறேன் சார் என்றேன். நிமிரவே இல்லை. மறுபடி போட்டோம்.

இதற்குள் பொங்கல் வந்துவிட்டது. 2025 பொங்கலுக்கு அரசு கொடுத்தது ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு. வாங்கிக்கொள்ள வசதி இல்லாமல் இல்லை. ஆனால் தெருவே கரும்போடு நடந்து போகும்போது, அப்பா வீட்டுக் கார்டிலும் நாம் இல்லை, மாமனார் வீட்டுக் கார்டிலும் இல்லை, சொந்தமாகவும் ஒன்று இல்லை என்பது உறுத்தியது. கல்யாணமாகி முதல் பொங்கல் வேறு. அவர் சந்தைக்குப் போய் ஒரு கட்டுக் கரும்பே வாங்கிக்கொண்டு வந்தார்.

ரேஷன் புகார்களுக்கான உதவி எண் 1967க்குப் போன் செய்தேன். அங்கே பேசிய பெண்தான் பொறுமையாகச் சொன்னார்: ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை பொது விநியோகக் குறைதீர் முகாம் நடக்கும், அதில் நேரில் கொடுங்கள் என்று. சனிக்கிழமை என்றால் லீவும் வேண்டாம். இது தெரியாமல் மூன்று லீவு போட்டிருந்தேன்.

பிப்ரவரி முகாமுக்கு இருவரும் போனோம். பழைய நிராகரிப்பின் பிரின்ட், புது விண்ணப்ப எண், இரண்டு பெயர் நீக்கத்தின் நகல், கேஸ் புத்தகம். என் கணவர் சொல்லி, எங்கள் சமையலறையையும் படம் எடுத்து பிரின்ட் போட்டுக்கொண்டேன்: இரண்டு பர்னர் அடுப்பு, அம்மா கொடுத்த குக்கர், ஜன்னலில் காயும் டீ வடிகட்டி. அன்று உட்கார்ந்திருந்த அதிகாரி அந்தப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "எப்ப வீட்ல இருப்பீங்க?" என்று கேட்டார். நான்கு மாதத்தில் யாரும் எங்களிடம் கேட்காத கேள்வி அது. அடுத்த புதன்கிழமை காலை எட்டரைக்கே ஆர்.ஐ. வந்தார். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் நின்றார், கையெழுத்து வாங்கிக்கொண்டார், போய்விட்டார்.

அப்புறம் எல்லாம் சுலபம். ஒப்புதல், குறுஞ்செய்தி, கார்டு.

முதல் முறை கடைக்குப் போனபோது இரண்டு முறை என் விரல் பதியவில்லை. கையைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறை வைத்ததும் பில் வந்தது. 25 ரூபாய்க்கு ஒரு கிலோ சர்க்கரை, 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு, 25 ரூபாய்க்கு பாமாயில். ஆளுக்கு அரைக் கிலோ என்பதால் எங்கள் இருவருக்கும் ஒரு கிலோ சர்க்கரை. பையைத் தூக்கிக்கொண்டு வரும் வழியிலேயே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அப்படியா, வாங்கியாச்சா!" என்று சந்தோஷப்பட்டவள் சொன்னாள்: "ஏட்டி, உன் பேரு போனதுலருந்து இங்க சீனி ஒன்றரைக் கிலோதான் போடுதான். அந்த அரைக்கிலோ எங்க போச்சுன்னு உங்கப்பா மாசாமாசம் கேப்பாரு. அங்க வந்துட்டுன்னு சொல்லிருதேன்."